வளையல் கையோடு எழுதிய பரீட்சை

கடுகண்ணாவை,
ஈசுர வருஷம், பங்குனி மாதம்.

ஈப்போவில் இருக்கும் என் மூத்த மகன் லெட்சுமணனுக்கு, முருகன் துணையால் இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிற பிள்ளையைப் பெற்றவள் நான். உன் தங்கை அன்னலட்சுமி பரீட்சையில் தேறிவிட்டாள். ஆண் பிள்ளையும் பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று யோசித்துப் பரீட்சையையே முதலில் எழுதினேன், பிள்ளை எல்லோருக்கும்தான் பிறக்கிறது.

நீ போட்ட அந்த ஒரு பதிலை மறக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணை வயிற்றுப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் அனுப்புவது குடும்பத்துக்கு அழகில்லை, உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தாய். நானே வாசித்தேன், ஒருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. நீ சின்ன வயதில் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க, அடுப்படியிலிருந்து காதால் படித்து, பிறகு கடைச் சாமான் சுற்றி வந்த கடதாசிகளில் எழுத்தைக் கண்ணால் பிடித்தவள் நான். எனக்கு ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, அதனால் என்னை நிறுத்தவும் ஒருவராலும் முடியவில்லை. இந்த வயதில் கல்யாணம் வேண்டாம், பொறுங்கள் என்று நான் சொன்னபோது நல்ல இடம், தள்ளாதீர்கள் என்று அவசரப்பட்டு எழுதியவனும் நீதான். படிப்பு நிற்காது என்று மாப்பிள்ளை முத்துலிங்கம் என் முன்னால் ஒப்புக்கொண்டார், சொன்ன சொல்லில் இன்றுவரை நிற்கிறார். படிப்புக்காக அவளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, கலகெதரத் தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துப் போனார். ஊரார் பேச்சை அவர் கேட்கவில்லை, கடல் தாண்டி இருக்கிற உனக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

கண்டியில் அவள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரும் முதலில் உன்னைப் போலத்தான் பேசினார். மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்றார். பார்க்கட்டுமே அம்மா, அவர்களும் ஒருத்தி வயிற்றிலிருந்துதானே வந்தார்கள் என்றேன். சிரித்துவிட்டார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், கதவோரத்து வாங்குப் பலகையில் உட்காரட்டும், மயக்கம் வந்தால் கேட்காமலே வெளியே போகட்டும் என்று சம்மதித்தார். மனம் திறந்துவிட்டால் நல்ல மனுஷி, பிறகு தன் தலையணை ஒன்றையே அவள் முதுகுக்குக் கொடுத்துவிட்டார். காலை ரயிலில் கரிப்புகை பட்டால் அன்னத்துக்குக் குமட்டும் என்று புளிக்கிற வெரளிக்காயும் உப்பும் முடிந்து கொடுப்பேன், பேராதனை வருவதற்குள் பெட்டியில் இருக்கிற பெண்கள் எல்லாம் பங்கு கேட்டுத் தின்றுவிடுகிறார்கள் என்று வந்து சொல்லிச் சிரிப்பாள்.

முத்துலிங்கத்தின் தாய் பாலம்மாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. ஏழாம் மாதம் தாண்டக்கூடாது என்று வளைகாப்புக்கு நாள் பார்த்துச் சொல்லி அனுப்பினார். நல்லபடியாக நடந்தது, கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும், உன் தங்கை அம்மன் சிலை போல இருந்தாள். மறுநாள் பரீட்சை. அந்தக் கைதான் எழுத வேண்டும் என்பது, கூடி நின்று வளையல் அடுக்கிய ஒருத்திக்கும் தோன்றவில்லை, குற்றம் நாள் குறித்தவருடையது. மறுநாள் காலை, வயித்துப் புள்ளக்காரிய நான் இல்லாம ரயில்ல ஏத்தவா என்று சொல்லிக்கொண்டு பாலம்மாவும் வேப்பிலையும் இரும்புத் துண்டுமாக எங்களோடு வந்துவிட்டார்.

மண்டபத்துக்குள் அவள் எழுதத் தொடங்கினாளோ இல்லையோ, ஒவ்வொரு வரிக்கும் கலகலவென்று சத்தம். வெளியே மரத்தடியில் இருந்த எங்களுக்கே கேட்டது. பக்கத்துப் பிள்ளைகள் முறையிட்டிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு வந்த அம்மா அவளை வாசலுக்குக் கூட்டிவந்து, வளையலைக் கழற்றினால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அன்னம் மைபட்ட விரலோடு என்னைப் பார்க்கிறாள், ஒரு வருஷத்துப் பாடு அந்த வாசற்படியில் நின்றது. பாலம்மாவோ, புள்ள பொறக்காம வளையல கழட்டுறதா, என் உசிரு போனாலும் விடமாட்டேன் என்று நடுவில் நின்றுகொண்டார். அவ்வளவுதான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அன்னம் மெதுவாக, அத்தே, எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியுது, என்றாள். பாலம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் நாள்தான் புதிதாக உடுத்திய சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கிழித்த துணியை இரண்டு கையிலும் வளையலுக்கு மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டி, ஆட்டிப் பாரு புள்ள என்றார். ஆட்டினாள், சத்தமே இல்லை. இப்ப சத்தம் வந்தா என்னயக் கேளுங்கம்மா, போ புள்ள, போய் எழுது என்று அந்த அம்மாவைத் தள்ளாத குறையாக இருவரையும் உள்ளே அனுப்பினார். அதன் பிறகு கேட்பானேன், ரோட்டில் கடலை விற்றுக்கொண்டு போனவனை, உள்ள எம் மருமக எழுதுறா, வாய மூடுய்யா என்று விரட்டினார். இப்போது கலகெதர முழுக்கத் தன் சேலைதான் தேறியது என்று சொல்லித் திரிகிறாராம். அதில் பாதிதான் உண்மை, இருந்தாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

சித்திரை வருஷப் பிறப்பு கழித்துப் பள்ளிக்கூடம் திறந்ததும் அன்னம் மேல் வகுப்புக்குப் போகிறாள். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். பாலம்மா இங்கேயே வந்து தங்கியிருக்கிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் அவளோடு ரயிலில் போவோம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறவரின் மனைவி ஆஸியா உம்மா, நம்ம வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்குது, அங்கே பிள்ளையை வச்சுப் பாருங்க, பசிச்சா தாய் ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போகட்டும் என்று தானாகவே சொன்னார். அதனால் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, நீ மட்டும்தான் இன்னும் ஏற்பாடாகவில்லை.

உன் கடிதத்தை அன்னமும் வாசித்தாள். அழவில்லை. அண்ணன் கோவம் புள்ள மொகத்தப் பார்த்தா போயிரும்மா என்றாள். எனக்கு அது சம்மதமில்லை. பிள்ளை முகத்துக்காக நீ அவளை மன்னிக்க வேண்டாம், மன்னிக்கிற மாதிரி அவள் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை பிறந்ததற்கு ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போகிறது, பரீட்சைக்கு வாழ்த்தத்தான் ஆள் குறைவாக இருக்கிறது. ஆகையால் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் அவள் பெயருக்கே ஒரு கடிதம் போடு, அதில் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், பரீட்சையைப் பற்றி மட்டும் எழுது. எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார், மழையில் நனையாதே, தலையில் எண்ணெய் வை, குறிஞ்சி ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், முக்கியமாக இரண்டாவது. இதைப் படித்து உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதான், ஆனால் என்னுடையது உன்னுடையதைவிட மூத்தது.

உன் நன்மையையே நினைக்கும்
அம்மா
ரத்தினம்மா