இருநூற்றைம்பத்தைந்து காட்டிய பலகை

என் கண்ணு வளரு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் உன் நாற்காலியில் நம் டீம் லீடர் தன் ஹெல்மெட்டை வைக்கிறார். தலைக்குள் ஒன்றும் இல்லாதவருக்கு ஹெல்மெட் எதற்கு என்று நீ கேட்பாய்.

இரங்கல் கூட்டத்தில் அவர் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். "வளர்மதி எழுதின ஒவ்வொரு வரியும் பொக்கிஷம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்தப் பொக்கிஷத்தில் இருபது வரியை அழித்துவிட்டார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

எந்த வரிகள் தெரியுமா? தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் வேகத்தைக் காட்டும் பலகை, அதன் கணினிக்கு நீ எழுதியவை. வேகம் அளக்கும் கார்டு வெயிலில் திணறிப் பிழை காட்டினால், கணினியின் அடிப்படை மென்பொருளான கர்னல் அதை ரீசெட் செய்யும். ரீசெட் ஆன கார்டு மயக்கம் தெளிந்தவன் போல, பழைய அமைப்பு எதுவும் ஞாபகம் இருக்காது. அது எழுந்ததா என்று பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. எழுந்தால் அமைப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். மூன்று முறை முயன்றும் எழாவிட்டால் செத்தது என்று அறிவித்துப் பலகையை அணைத்துவிட வேண்டும்.

உன் இருபது வரி செய்தது இதைத்தான். அந்த மேதைக்கு இதெல்லாம் தாமதமாம். "ரீசெட் பண்ணியாச்சுல்ல, உடனே ஓட விடுங்க. போர்டு இருட்டா இருந்தா கிளையண்ட் கேப்பாங்க" என்றார். எழாத கார்டிடம் எதைக் கேட்டாலும் எல்லா பிட்டிலும் ஒன்று என்றே பதில் வரும். எட்டு பிட்டில் அது இருநூற்றைம்பத்தைந்து. கரும்பு ஏற்றிய டிராக்டருக்கும் பலகை அதையே காட்டியது. அவரிடம் கேட்டால் கார்டு மட்டமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உன் தம்பி முருகேசன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தானே சேலம் போகிறான். போன மாதம் தடுப்புச் சுவரில் மோதிவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை, இடது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னான்: "அந்த போர்டு டிராக்டருக்கே எரநூத்தம்பத்தஞ்சு காட்டுதுங்க்கா. அத எவன் மதிப்பான்? நானும் சிரிச்சிக்கிட்டே எறங்கிட்டன்." அன்றைக்கு அவன் உண்மையிலேயே வேகமாக வந்திருக்கிறான்.

விஷயத்தைச் சொன்னதும் லீடர், "லாரிக்காரங்க எப்பவும் அப்படித்தான்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வளரு, ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது நம் வேலையின் வழக்கம். அன்று ஒப்புதல் தந்தவள் நான். படித்தேன், தப்பு என்று புரிந்தது. அவரோடு எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன். அவரைவிட நான் எந்த விதத்தில் மேல், சொல்.

உன் இருபது வரியையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். "போர்டு இருட்டாயிடுமேங்க" என்றார். "இருட்டாவே இருக்கட்டுங்க. பொய் காட்டறதுக்கு அது தேவல" என்றேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போய் முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் ஒப்புதலையும் சேர்த்து. கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "சாப்டுட்டு போங்க்கா" என்றான்.

இனி எனக்குத் தப்பென்று தெரிந்த எதற்கும் ஒப்புதல் தர மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

முருகேசனுக்கு மிச்சமிருக்கும் அக்கா,
ஷகிலா