யாரையும் நம்பாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஓர் ஆள் என் முகத்துக்கு நேரே தகர உண்டியலை நீட்டினான். உண்டியலின் முன்பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. மொட்டைத் தலை, மூக்கில் குழாய். "இந்தப் பாப்பாவுக்கு ஆபரேசன்மா, உங்களால முடிஞ்சத போடுங்க" என்றான். பர்ஸைத் திறக்கப் போன என் கை நின்றுவிட்டது. "பாப்பா பேரு என்னாங்க?" என்று கேட்டேன். அவன் உண்டியலைத் தன் பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தான், பேர் அதில் எங்காவது எழுதியிருக்குமோ என்பதுபோல. பிறகு நகர்ந்து சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கேட்டது என் வாய்தான். குரல் உங்களுடையது. பஸ்ஸில் உட்கார்ந்து காவேரிப்பட்டினம் வந்து சேரும்வரை உங்களிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் அது ஓயவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜூஜுவாடியில் அந்த இல்லத்துக்குள் நான் கால் வைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். என் மகன் கவினுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கீமோ. அங்கே பக்கத்தில் தங்க எங்களுக்கு வசதியில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை ஓசூர்ப் பக்கமாக ஒரு மாடி வீட்டை எடுத்து, இலவசமாக இடமும் அரிசி பருப்பும் கொடுத்து, காலையில் வேனில் அத்திப்பள்ளியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று.

அந்த அழுகையோடு அறைக்குள் வந்தேன். ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். உங்கள் கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, உங்கள் மகள் மஞ்சுவைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, வெளிப்பக்கம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "உம் புள்ளைக்கு சளி இருக்குதா?" என்றீர்கள். இல்லை என்றேன். அவன் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் என்னைப் பை வைக்க விட்டீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கோசரம் இவங்க சும்மா இடம் குடுக்கறாங்க, யோசிச்சியா?" என்றீர்கள்.

நான் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் ஜவளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆஸ்பத்திரியில் கன்னடம், என்னோடு தமிழ். மூன்றிலும் சந்தேகப்படத் தெரிந்தவர். இல்லத்து அரிசியை நீங்கள் தொடவில்லை. ஊரிலிருந்து வந்த ராகி மாவில் களி கிளறி மஞ்சுவுக்கு ஊட்டினீர்கள். வேன் ஒருநாள் வேறு ரோட்டில் திரும்பியபோது டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னீர்கள். பாவம், அங்கே பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாலும், "சிஸ்டர், இது யாவுது?" என்று கன்னடத்தில் நிறுத்துவீர்கள். அவள் மருந்தின் பேரைச் சொன்ன பிறகுதான் மஞ்சுவின் கையை நீட்ட விடுவீர்கள்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ரேவதிக்கு உங்களைக் கண்டாலே தலைவலி. "அது வெறும் கடிகாரம்மா, அதுல கேமரா எல்லாம் இல்ல" என்று ஒருநாள் கெஞ்சினாள். "இருக்கட்டும். நேரம் பாக்க எனக்கு வெயில் இருக்குது" என்றீர்கள்.

எனக்கு உங்கள்மேல் சந்தேகம் வந்ததும் அந்த நாட்களில்தான். இவ்வளவு சந்தேகப்படுகிறவள் தானும் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது. கீழறையில் இருந்த தர்மபுரிப் பெண் ஒருத்தி, "அந்தக் கொழந்த அவளோடதுதானா? இல்லத்துச் சோத்தக் கண்ல காட்ட மாட்டேங்கறாளே" என்று என் காதில் போட்டாள். ஒரு வாரம் உங்கள் முகத்தையும் மஞ்சுவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூக்கு உங்கள் மூக்கேதான். தெருவிலோ எங்கள் எல்லோர்மேலும் சந்தேகம். எதிர்வரிசை லைன் வீடுகளில் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். எங்கள் பிள்ளைகள் வாசலுக்கு வந்தால் அவர்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட எங்கள் வேன் வந்தால் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். அந்த வீட்டில் இருந்தவரை நான் யாரையாவது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், அல்லது யாராவது என்னை.

அப்புறம் அந்த விருந்து நாள். நன்கொடை கொடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து பிள்ளைகளுக்குக் கேக்கும் பொம்மையும் கொண்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். கூடவே பெரிய கேமராவோடு ஒருவன். பணிவான பேச்சு, இஸ்திரி கலையாத சட்டை. நான் சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் மட்டும் கேட்டது.

"நீங்க யாரு தம்பி? இவங்ககூட வந்தவரா, இந்த வீட்டு ஆளா?"

"எல்லாம் ஒண்ணுதான்மா."

"ஒண்ணு எப்படி ஆகும்? இந்தப் படம் எங்க போகும்? யாரு பாப்பாங்க?"

அவன் சிரித்தான். நீங்கள் மஞ்சுவின் தலையை முந்தானையால் மூடி மாடிக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். வந்திருந்தவர்களில் ஒருவர் முகம் சுளித்தார். ரேவதி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தபோது கவின் சன்னலோரம் நின்றிருந்தான். "சிரிக்காத தம்பி, அங்க தூரமா பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் அந்த ஆள். பிறந்தநாள் படம் போல ஏதோ எடுக்கிறான் என்று நினைத்து நான் அடுப்புக்குத் திரும்பினேன்.

அது மாங்காய் சீசன். என் வீட்டுக்காரர் மாங்கூழ் கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். சீசனில் அவருக்கு லீவே கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் கம்பெனிச் சட்டையோடு இல்லத்து வாசலில் வந்து நின்றார். கூட வேலை செய்கிறவர் போனில் ஒரு படம் வந்ததாம். அவர் என் கையில் திணித்த போனில் கவின் தூரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பேர் வேறு. ஊர் வேறு. 'தந்தையை இழந்த சிறுவன், உயிருக்குப் போராடுகிறான், உதவுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

"நான் செத்துட்டனாம்" என்றார். "எம் புள்ளைய வெச்சு எவனோ பிச்ச எடுக்கறான். பையக் கட்டு. இங்க இருக்கறவங்க எல்லாம் ஒரே கூட்டம்."

ரேவதி ஓடி வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்கண்ணா, அவரு கம்பெனி ஆளுன்னுதான் நெனச்சேன்" என்று அழுதாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. நான் துணிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வாரம் கவினுக்கு அடுத்த கீமோ. ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்தும் என் கை மடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் முதல்நாள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றியது. இதற்காகத்தான் சும்மா இடம் கொடுத்தார்கள். முதலில் கிளம்ப வேண்டியவர் நீங்கள்தான், ஏன் இன்னும் பை கட்டவில்லை என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் மாடிப்படியின் கடைசிப் படியில், போகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"தம்பி, புள்ளைய எங்க கூட்டிட்டுப் போற?"

"ஊருக்கு."

"ஊர்ல ஊசி யாரு போடுவாங்க?"

"பாத்துக்கறோம்மா. நீங்க நவுருங்க."

"என்னா பாத்துப்ப? நான் சொல்றத கேளு. வந்த நாள்ல இருந்து நான் இங்க ஒருத்தரயும் நம்பல. இந்த ரேவதிய நம்பல, வேன்காரன நம்பல, உம் பொண்டாட்டியயும் நம்பல. ஆனா போகல. ஊசி இங்கதான இருக்குது? தப்பு பண்ணவன் ஓடட்டும். நம்ம புள்ளைங்க எதுக்கோசரம் போவணும்? இங்கயே உக்காந்து கேளு. நல்லா சத்தமா கேளு."

அவர் உட்கார்ந்துவிட்டார் அக்கா. அந்தப் படியிலேயே. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நீங்கள் ரேவதியிடம் திரும்பினீர்கள். "போன் போடு. எங்க முன்னாடியே போடு. சத்தமா வெய்யி." அவள் அந்தக் கம்பெனிக்குப் போட்டாள். "கேமராக்காரரா? அவரு உங்க இல்லத்து ஆள்னுதான நாங்க நெனச்சோம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். இரண்டு பக்கமும் மற்றவர் ஆள் என்று நினைத்துக்கொண்ட இடைவெளியில் அவன் நுழைந்து, பாயசமும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

புகார் கொடுத்தோம். ரேவதியே வேனில் ஏற்றிக் கூட்டிப்போனாள். அந்தப் படம் ஓர் இடத்திலிருந்து நீக்கப்பட்டது. சில மாதம் கழித்து இன்னொரு பேரில் வேறெங்கோ வந்தது. அவன் அகப்படவே இல்லை. இன்றைக்கும் யாருடைய போனிலாவது என் மகன் அப்பா இல்லாத பிள்ளையாக நின்றுகொண்டிருக்கலாம். அதன் பிறகு இல்லத்துக்கு யார் வந்தாலும் ரேவதி கேட்டிலேயே நிறுத்தி, யார், எங்கிருந்து, யாரோடு என்று கேட்க ஆரம்பித்தாள். உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ரேவதிக்கு நெசமா தெரியாதா அக்கா?" என்று உங்களிடம் கேட்டேன். "தெரியாதுன்னுதான் தோணுது. ஆனா பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றீர்கள்.

கவின் பிழைத்தான். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான், என்னைவிட ஒரு தலை உயரம். மஞ்சுவும் பிழைத்தாள். உங்களுக்குத்தான் இப்படி ஆகிவிட்டது. போன ஐப்பசி மழையில் மஞ்சு போன் செய்து, "அத்த, அம்மா போயிட்டாங்க" என்றபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தேகம்தான். யார் பார்த்தது, எந்த டாக்டர், என்ன ஊசி போட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டே பதில் சொன்னாள். மாரடைப்பு. நான் ஜவளகிரிக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் சொன்னார், ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் நர்ஸின் கையைப் பிடித்து, இது என்ன மருந்து என்று கேட்டீர்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது.

ஒன்றை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

இல்லத்தில் நாம் இருந்த கடைசி மாதங்களில் உங்கள் ராகிக் காட்டில் யானை இறங்கி, விரட்டப் போன உங்கள் வீட்டுக்காரர் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நீங்கள் போயே ஆக வேண்டும். மஞ்சுவுக்கு இரத்தத்தில் வெள்ளையணுக் கவுண்ட் இறங்கியிருந்தது, பஸ்ஸில் கூட்டிப் போகக் கூடாது. ரேவதி பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நீங்கள் அவளைத் தாண்டி என் பக்கம் வந்து, "மஞ்சு உங்கூட இருக்கட்டும்" என்றீர்கள். களி எவ்வளவு கெட்டியாக வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், ஆஸ்பத்திரியில் என்ன கேட்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தீர்கள். ஓர் இடத்தில் தப்பாகச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து.

வாசலில் நின்று, "என்ன நம்பியா அக்கா விட்டுட்டுப் போறீங்க?" என்றேன். பாதி கிண்டலாகத்தான் கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "நம்பிக்கை எல்லாம் ஒண்ணும் இல்ல. இத்தன மாசமா உன்னப் பாத்துக்கிட்டுதான இருக்கறேன்" என்றீர்கள்.

தெருமுனைவரை உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவையாவது திரும்புவீர்கள் என்று நினைத்தேன். வாங்கிய தீப்பெட்டியைக்கூடத் திறந்து எண்ணிப் பார்க்கிறவர், திரும்பாமலே லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடந்து போய்விட்டீர்கள்.

என்னைப் பெற்றவர்கள் நம்பினார்கள், கட்டினவர் நம்புகிறார். அது அவர்கள் சுபாவம், அதில் என் பங்கு ஒன்றுமில்லை. பார்த்துப் பார்த்துச் சரிதான் என்று முடிவுசெய்து என்னிடம் பிள்ளையை விட்டவர் நீங்கள் ஒருவர்தான். அன்று மஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறியபோது என் நடையே கொஞ்சம் மாறியிருந்தது அக்கா. இன்றுவரை அது பழையபடி ஆகவில்லை.