தண்ணீர் என்று யாரும் எழுதவில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மருமகளும் இருக்கிறோம். நலமாக என்று சேர்த்து எழுதப் பார்த்தேன், கை வரவில்லை, விட்டுவிட்டேன். உனக்கு இருமல் குறைந்திருப்பதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். போன தடவை அவளிடம் ஒரு தடித்த போர்வை கொடுத்தனுப்பினேன். உள்ளே விட்டார்களா, இல்லை வாசலிலேயே யாராவது போர்த்திக்கொண்டார்களா தெரியவில்லை. இந்தக் கடிதத்தையும் தபாலில் போடவில்லை, அவள் கையில்தான் தருகிறேன். படித்ததும் கிழித்துவிடு. ஏன் என்று படிக்கப் படிக்க உனக்கே புரியும்.

தீர்ப்பு நாளில் உன்னை வேனில் ஏற்றும்போது நீ திரும்பிப் பார்த்தாய். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வேண்டுமென்றேதான் குனிந்தேன். தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள் என்று பயந்துகொண்டிருந்தது பத்து வருடத்தில் வந்து நின்றதே என்று உன் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புருஷன் சாவுக்குத் தண்டனை குறைந்தது என்று கை குலுக்கப்பட்ட பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கோர்ட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் ஒரு தடவையாவது, கிழித்துப் போடப்போகிற காகிதத்திலாவது, எழுதிப் பார்த்துவிட வேண்டும் போலிருக்கிறது.

மேட்டுக்குத் தண்ணீர் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். நம் பள்ளத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இருபத்தைந்து நிமிடம். அதிலும் முதல் ஐந்து நிமிடம் காற்றும் துருவும். உன் அத்தான் பதினோரு வருடம் குடிநீர் ஆபீஸில் அந்த வால்வைத் திருகினார். தெருவில் அவருக்கு மந்திரி என்று பட்டப்பெயர். எதிரே பார்த்தால் கும்பிடு, தாண்டிப் போனால் துப்பல். அவருக்கும் அது தெரியும். எல்லாரும் என்னைத் தண்ணி தொறக்கிறவன்னு நினைக்கிறாங்க, எனக்குச் சம்பளமே மூடுறதுக்குத்தான் என்று சிரிப்பார். ஒரு நிமிடம் கூட்டமாட்டார், ஒரு நிமிடம் குறைக்கமாட்டார். சொந்தத் தெரு என்று சலுகை காட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவரை நல்லவர் என்று எழுதவா, கெட்டவர் என்று எழுதவா? பதின்மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்கே தெரியவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். மற்றவர்கள் குடத்தைத் தேடும்போது என் இரண்டு டிரம்மும் நிறைந்திருக்கும். காலையில் மேட்டுக்குப் போய் டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன். அங்கே டிரைவர் குழாயைத் திறந்துவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றிக் கழுவுவார். சோப்பு நுரை போன பிறகும் கழுவிக்கொண்டே இருப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். குழாயை மூடுங்கள் என்று ஒருநாள்கூட என் வாயில் வந்ததில்லை.

உன் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்த வாரம் சாக்கடைக்குள் போகிற குழாய் உடைந்து, வந்த தண்ணீரெல்லாம் கறுப்பு. உன் வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அண்ணா, இன்னும் ஒரு பத்து நிமிஷம் விடுங்கண்ணா, கறுப்பெல்லாம் போய் நல்லது வரட்டும் என்று கெஞ்சினாள். பத்து நிமிஷம் விட்டா மேட்டுல பிரஷர் எறங்கிடும்மா, உடனே இன்ஜினியருக்குப் போன் போகும், என் வேலை போயிடும் என்றார் உன் அத்தான். போய் மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். உள்ளே இரண்டு டிரம்மில், உடைப்புக்கு முன்னால் பிடித்த நல்ல தண்ணீர் இருந்தது. அவளுக்கு ஒரு குடம் கொடுத்தேன். ஒரே ஒரு குடம். நம் வீட்டுக்கு வேண்டுமே என்று மூடியைப் போட்டுவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலாவது நாள் பாப்பா போய்விட்டது. பதினாலு மாதக் குழந்தை. குளிப்பாட்டவும் என் டிரம்மிலிருந்துதான் தண்ணீர் எடுத்தோம்.

அப்புறம் நீ மனு எழுத ஆரம்பித்தாய். மெக்கானிக் கடையை மூடிவிட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு போவாய். ஏழு மனு. ஏழிலும் ஆவன செய்யப்படும் என்று முத்திரை. ஆவனன்னா என்னக்கா என்று கேட்டாய். ஆகாததுன்னு அர்த்தம் என்றேன். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

எட்டாவது தடவை நீ தனியாகப் போகவில்லை, தெருவே போனது. குடத்தோடு இரண்டு நாள் குடிநீர் ஆபீஸ் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு கல்கூட யாரும் எடுக்கவில்லை, நான் சாட்சி. மூன்றாம் நாள் போலீஸ் வந்து அடித்தது. பஞ்சர் கடைக்காரருக்குக் கால் போனது. கர்ப்பிணி ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில்தான் நீயும் இன்னும் பலரும் போனீர்கள். உன் கடையில் சாமான் கழுவ வைத்திருந்த பெட்ரோல் கேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். முந்தின நாள் இன்ஜினியர் போன் பண்ணியிருக்கிறார். ஆபீஸ் காலியா இருக்கிற மாதிரி வாட்ச்மேன் வெளியில பூட்டிட்டுப் போகட்டும், நீ உள்ளேயே இரு, மேட்டுக்கு நேரத்துக்குத் திறக்கணும் என்றாராம். வாட்ச்மேன் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். ஆபீஸ் எரிந்தபோது உன் அத்தான் உள்ளே இருந்தார். இதையும் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த இன்ஜினியர் இப்போது பதவி உயர்வோடு வேறு ஊரில் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். கொசுவலைக்குள் வைத்திருந்தார்கள். தொட விடமாட்டார்கள், தொடவும் இடமில்லை. இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து, மணி என்ன, மேட்டுக்குத் தொறந்துட்டாங்களா என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை தம்பி, அறைய வேண்டும் போலிருந்தது. அறையக் கன்னம் இல்லை. தொறந்தாச்சு, நீங்க தூங்குங்க என்றேன். பொய் இல்லை. அன்றைக்கே மேட்டில் வீட்டுக்கு வீடு தண்ணீர் லாரி நின்றது. நம் தெருவுக்குப் போலீஸ்தான் வந்தது.

அதற்கப்புறம் என்னைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உன் வக்கீல். தண்ணீர் என்ற பேச்சே கோர்ட்டில் எழக் கூடாது என்றார். எழுந்தால் அரசாங்கத்துக்கு எதிரான கலவரம் என்று அந்தப் பெரிய சட்டத்தில் போட்டுவிடுவார்கள், ஜாமீன்கூடக் கிடையாது, மச்சானுக்கும் மச்சினனுக்கும் பழைய மனஸ்தாபம், ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் பிழைப்பான் என்றார். இன்னொருவர் சலவைச் சட்டை போட்டவர், யார் அனுப்பினார் என்று சொல்லவில்லை. அவரும் அதையேதான் சொன்னார். வீட்டுச் சண்டைன்னு ஆயிட்டா கூடப் பிடிச்ச மத்த பத்தொம்பது பேரையும் விட்டுடுவாங்கம்மா, தேர்தல் நேரம், யாருக்கும் இது பெரிசாக வேண்டாம் என்றார். உன் பக்கத்து ஆளும் அவர்கள் பக்கத்து ஆளும் ஒரே வாக்கியத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நாம் தோற்றுப்போனோம் என்று.

ஆனாலும் ஒரு தடவை முயற்சி பண்ணினேன். விசாரணை கமிஷன் என்று ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி வந்தாரே, அங்கே என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் தம்பி எந்தக் கட்சி, யார் தூண்டியது என்று கேட்டார். யாரும் தூண்டலை ஐயா, தண்ணி வரலை, குழந்தை செத்துப்போச்சு என்றேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார். மறுபடியும் தண்ணீர் என்றேன். டைப் அடிக்கிற பெண் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மறுபடி தட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் நான் சொன்னது எதுவும் காகிதத்தில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போய், சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். நகை விஷயத்தில் உங்களுக்குள் சண்டை என்றேன். நமக்கு ஏது நகை? நீதிபதி தலையாட்டினார். இதுதான் அவருக்குப் புரிகிற கதை. பத்தொன்பது பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வந்து என் காலைத் தொட்டார்கள், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத் தெருக்காரர்கள் மறுபடி மனு கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் குடிநீர் தொடர்பாக எந்தச் சம்பவமும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அதற்கு ஆதாரமாகக் கமிஷன் அறிக்கை, கோர்ட் தீர்ப்பு இரண்டையும் காட்டியிருந்தார்கள். உன்னை மீட்க நான் சொன்ன பொய்யை வைத்தே தெருவின் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஆபீஸைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இரும்புக் கதவு, கேமரா, துப்பாக்கியோடு ஒரு போலீஸ். புதிதாக வந்திருக்கிற வால்வுக்காரர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நேரம் மட்டும் மாறவில்லை, இருபத்தைந்து நிமிடம்தான். டாக்டர் வீட்டில் என்னைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். இப்போது ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கிறேன். உன் மருமகள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது யாரோ, உங்கப்பன் மூடினதுக்கு நல்லா அனுபவிச்சான் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்து அழவில்லை. அப்பா ஏம்மா மூடினாரு என்று மட்டும் கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்ததையே திரும்பத் திரும்பக் களைந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடை ஷட்டரில் உன் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். வெளியே வந்தவர்களில் நாலைந்து பேர் அங்கே கூடிப் பேசுகிறார்கள். என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். போன வாரம் ஒருவன் கையில் கேன் பார்த்தேன். உள்ளே என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன செய்ய? வேண்டாம் என்று சொன்னால், சரிக்கா, வேற என்ன செய்யணும்னு சொல்லு என்பான். என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல? மனு எழுதச் சொல்லவா? உட்காரச் சொல்லவா? இன்னொருத்தி புருஷன் உள்ளே இருப்பான் என்று தெரிந்தும் பேசாமல் வந்துவிட்டேன்.

தம்பி, கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் போலீஸ் வாக்குமூலம் எடுக்க வந்தபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக யாரைப் பார்த்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டார்கள். புகையா இருந்துச்சு சார், யாரையும் தெரியலை என்று மூன்று தடவையும் சொன்னார். அவர்கள் போன பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாகும்வரை உன் பேச்சையே எடுக்கவில்லை. நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஜன்னல், பூட்டிய ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கம்பி போட்ட ஜன்னல். அதில் அவரை நீ பார்க்கவில்லை என்று எனக்கு ஒரே ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். பார்த்திருந்தால் எழுதாதே. பதில் வராவிட்டால் உள்ளே பேனா கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. இருமலை விட்டுவிடாதே. கொதிக்கவைத்த தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

உன் அக்கா