கொசுவர்த்திச் சுருள் மைதானம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கடந்த திங்கட்கிழமை காலை, நெடிய ஆலோசனைக்குப் பின், பள்ளி மைதானத்தின் புல்லை இனி நேர்க்கோட்டில் வெட்டுவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டுமே இருந்தேன்.

மற்றபடி இங்கே நானும் புல் வெட்டும் மெஷினும் சுகம். அங்கே தம்பி வீட்டில் நீங்களும் கட்டுப் போட்ட காலும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் 'ம்' என்றே பதில் வருவதால் எழுதுகிறேன்.

தீர்மானத்துக்குக் காரணம் கொள்கை அல்ல, மெஷின். நீங்கள் மரத்திலிருந்து விழுந்து, உங்கள் வேலையை நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. நேராகப் போகும், கோடியில் திருப்பினால் நின்றுவிடும். மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள் கழன்றது. திருப்பாமலே போனால் என்ன என்று தோன்றியது. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் மைதானம் கொசுவர்த்திச் சுருள் போல இருந்தது. மாடி வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில். கணக்கு டீச்சரும் ஜன்னலில். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு நீங்கள் நடக்கலாம், ஆனால் இனி மெஷின் தள்ளவோ மரம் ஏறவோ கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தம்பி சொன்னான். அவனைத் திட்டாதீர்கள், அங்கே உங்களுக்குத் திட்டக் கிடைப்பவன் அவன் ஒருவன்தான், தீர்ந்துபோவான். நான் சொல்லாததும் ஒன்று உண்டு. ஆபீஸ் கிளார்க் வந்து, புது ஆள் பார்க்கிறார்கள், தோட்டக்காரர் வீடு தோட்டக்காரருக்குத்தான் என்று சொல்லி, நம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆகவே தலைமையாசிரியர் அறைக்குப் போகும்போது, சாமான் கட்டும் கயிற்றை எங்கே வைத்தோம் என்றுதான் யோசித்தேன்.

"யாரைக் கேட்டும்மா வட்டமா வெட்டுனீங்க?" என்றார்.

மெஷினைக் கேட்டுத்தான் என்றேன்.

அவர் ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்தார். கீழே பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக ஓடச் சொல்லி இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்திய விளையாட்டு வாத்தியார், விசிலை வாயில் வைத்தபடி வேலையில்லாமல் நின்றார்.

வெட்டின புல்லை ஒட்டவா முடியும் என்று தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். இனி மைதானத்தை நீங்களே பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் வரும் வரைக்கும்தானே என்று கேட்டேன்.

"வந்தப்புறமும் நீங்களே பாருங்கம்மா. அவர் நாற்றுத் தொட்டிங்களைப் பாக்கட்டும். உக்காந்து செய்யற வேலைதான்."

கிளார்க் அதற்குப் பிறகு சுவரைத் தட்ட வரவில்லை.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், கூடவே நீங்களும் வாருங்கள். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன். கோணலாக வெட்டுகிறாய் என்று திட்ட ஆளில்லாமல் வேலை சப்பென்று இருக்கிறது. காலைப் பார்த்து வையுங்கள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: உங்கள் காக்கிச் சட்டை இரண்டையும் என் அளவுக்குத் தோளில் பிடித்துத் தைத்துவிட்டேன்.