சிப்பியின் முதுகில் பெயர்கள்

அன்பு பதுருன்னிஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் அஃபீஃபாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஷார்ஜாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை நடந்தது. பட்டறையில் ஒரு மர மேசையில் அழகுக்காக நான் பதித்த சிப்பித் துண்டுகளெல்லாம் பால்பல் விழுவதுபோல உதிர்ந்துவிட்டன. ஃபோர்மேன் கொஞ்சம் சத்தம் போட்டார், அவ்வளவுதான். மரம் பசையைக் குடிக்கும், சிப்பி குடிக்காது. வழவழப்பான அதன் முதுகை ஊசியால் கீறி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து தடவினால்தான் பிடிக்கும்.

வெறும் கோடாக ஏன் கீறுவது என்று உன் பெயரைக் கீறினேன். அடுத்ததில் அஃபீஃபா. பிறகு உம்மா, மாமி, நம் தெருவில் எல்லோரும். ஒன்றுகூட உதிரவில்லை. மதிய வெயில் விழும்போது மேசை நம் காயல்பட்டினத்துக் கடல்போல மினுங்குகிறது. அதற்கடியில் நீங்களெல்லாம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

"காக்கா, இது மேசையா, நம்ம தெருவா?" என்று தம்பிபோல உடன் வேலை செய்யும் இல்யாஸ் சிரிக்கிறான்.

இப்போது பெயர்கள் தீர்ந்துவிட்டன. நான் இங்கே வந்தபின் தெருவில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி, கொஞ்சம் மாசிக் கருவாடும் சேர்த்து, இல்யாஸ் திரும்பும்போது கொடுத்துவிடு. அவன்தான் இந்தக் கடிதத்தோடு லீவில் ஊருக்கு வருகிறான். அவனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

என் பெயரை மட்டும் எந்தச் சிப்பியிலும் கீறவில்லை. இந்தப் பசை பிடித்தால் விடாது. அது இங்கேயே தங்கிவிட வேண்டாம்.

உன்
மொகுதூம்