காந்தள் உறங்கிய மண்

காடியின் புளிப்பு நாற்றம் மூன்று வாரங்களாக என் அறையை விட்டுப் போகவில்லை. உன் தங்கை கொண்டுவந்து கொடுத்த தகரப் பெட்டியைத் திறந்ததிலிருந்து இப்படித்தான். பழைய படச்சுருள்கள் ஈரக்காற்றில் கெடத் தொடங்கினால் இந்த நாற்றம் எழுமாம். சாலைக் கடைத்தெருவில் படம் கழுவுகிறவர் சொன்னார். நீ மறைந்து ஈராண்டு ஆகிறது. பெட்டிக்குள் ஒவ்வோர் உறையின் மீதும் உன் கையெழுத்தில் பூவின் பெயர், திங்களின் பெயர். எந்த உறையிலும் இடத்தின் பெயர் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நீ தொலைபேசி நிலையத்தில் நாள் முழுதும் பிறர் பேச்சைப் பிறருக்கு இணைத்துக் கொடுப்பவள். நான் பள்ளியில் தமிழ் கற்பித்துவிட்டு மாலையில் மேடையேறி முழங்குபவள். ஞாயிறுதோறும் பொன்முடிக்குச் செல்லும் முதற்பேருந்தில் இருவரும் ஏறினோம். காட்டுப்பூவைப் படமெடுப்பது உன் வேலை. கறுப்புக் குடையை விரித்துக் காற்றைத் தடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு நீ விதித்த கட்டளை ஒன்றுதான்.

“வாய மூடிட்டு இரி பிள்ள. நீ பேசுனா பூ ஆடுது.”

ஆயிரம் பேரை ஆட்டிவைத்த குரல் என்ற செருக்கில் இருந்தவளை ஒரு சிறு பூவின் முன் ஊமையாக்கினாய். நான் நிழற்படக்கருவி என்று சொல்லும்போதெல்லாம், “கேமரான்னு ஒருதரம் சொல்லேன், ஒனக்க நாக்கு வெந்தா போயிரும்?” என்பாய். கல்லாற்றுத் தேநீர்க்கடைச் சேச்சி நம்மைத் தொலைவில் கண்டதுமே, “பூச்சேச்சிமார் வந்நல்லோ, ரெண்டு சாய எடுக்கட்டே?” என்று அடுப்பைக் கிளறுவாள். மேலே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூடையை இறக்கிவைத்து நம்மை வேடிக்கை பார்ப்பார்கள். “பூவப் பறிச்சா தலையில வைக்கலாம், போட்டோவ எங்கக்கா வைப்பீய?” என்று ஒருத்தி கேட்டாள். “எங்க ஆபீசர் தலையில,” என்றாய். அந்தச் சரிவே சிரித்தது.

ஆவணியில் பாறைக் கசிவெங்கும் நீலப் பொட்டுகளாய்க் காக்காப்பூ. மழை ஓய்ந்ததும் வழியோரங்களில் காசித்தும்பை. ஆனால் உன் நெஞ்சு கிடந்தது ஒரு காந்தள் புதரில். எல்லாக் காந்தளும் மஞ்சளாய் விரிந்து செந்தீயாய் முடியும். அந்தப் புதரில் மட்டும் பூக்கள் வாடும்வரை மஞ்சளாகவே நின்றன. மூன்றாண்டுகள் அதைப் பருவந்தோறும் படமெடுத்தாய். ஆவணியில் பூ, கார்த்திகையில் வெடித்த காய், மாசியில் ஒன்றுமில்லாத தரை. வெறும் மண்ணுக்கு எதற்குப் படச்சுருளைச் செலவிடுகிறாய் என்றேன்.

“வெறும் மண்ணுன்னு ஆரு சொன்னா? உள்ள ஒறங்குது மக்கா.”

உனக்குக் கிட்டாத படம் ஒன்றே ஒன்று. வைகாசிக் கடைசியில் மழை இறங்கியதும் மண்ணைக் கீறிக்கொண்டு வரும் முளை. ஞாயிற்றுக்கும் ஞாயிற்றுக்கும் இடையில் எழுந்து, ஒவ்வோர் ஆண்டும் விடுப்புக் கிடைத்து நீ போய்ச் சேர்வதற்குள் அது முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். நான்காம் ஆண்டு தவறவிடமாட்டேன் என்று சில திங்கள் முன்னதாகவே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாய்.

அதற்கு முந்திய பங்குனியில்தான் ஆரியசாலையில் வணிகர்களின் தமிழ் மன்ற விழா. நான் காந்தளைப் பற்றிப் பேசினேன். கைதட்டல் எழுந்தது. அது தணியத் தொடங்கியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. ஏட்டில் மட்டுமே காந்தளைக் கண்ட கூட்டமா நீங்கள் என்று சீறினேன். எவருக்கும் வாய்க்காத மஞ்சள் காந்தள் இதோ நம் மலையில் உறங்குகிறது என்றேன். எந்த வளைவு, எந்தப் பிளந்த கல், எத்தனை அடி என்று அடுக்கினேன். அரங்கம் அதிர்ந்தது. முதல் வரிசையில் நீ தலை கவிழ்ந்திருந்தாய். உருகிவிட்டாய் என்றே எண்ணினேன். நாட்டு மருந்துக்கான உலர்ந்த வேரும் கிழங்கும் மூட்டை மூட்டையாய் விற்கும் தெரு அது. காந்தள் கிழங்குக்கு அங்கே எப்போதும் கேட்பார் உண்டு. அந்த மூட்டைகளின் மணத்தினூடேதான் மேடைக்கு நடந்து போயிருந்தேன்.

வைகாசி மழையில் நாம் போனபோது அங்கே குழிகள் இருந்தன. செம்மண் கரைந்த நீர் நிரம்பிய குழிகள். கள்வர், கொடியவர், நன்றி கெட்ட மாந்தர் என்று நான் அந்த மலையடிவாரமே கேட்கச் சினந்தேன். நீ முந்தானையால் கருவியின் ஆடியைத் துடைத்துவிட்டுக் குழிகளைப் படமெடுத்தாய்.

“மெல்லப் பேசு மக்கா,” என்றாய். அவ்வளவுதான்.

கீழே தேநீர்க்கடைச் சேச்சி, கேட்காமலே சொன்னாள்: “விஷு கழிஞ்ஞு ரெண்டு பேரு சாக்கும் மண்வெட்டியுமாட்டு வந்நு. ஆரியசாலையில ஏதோ டீச்சர் பிரசங்கத்தில வழி பறஞ்ஞு கொடுத்ததாம்.”

அந்த டீச்சர் நான்தான் என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மழையையே பார்த்திருந்தாய்.

அதன் பிறகும் ஒன்றாக மலையேறினோம். குடை பிடித்தேன். ஆனால் எங்கே போகிறோம் என்பதைப் பேருந்தில் ஏறிய பின்பே சொன்னாய். சில ஞாயிறுகளில் நீ தனியே போனதை நான் பின்னர்தான் அறிந்தேன். மன்னிப்பு என்ற சொல் என் தொண்டையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நீ நோயில் விழுந்தபோது அதைச் சொல்லியே தீர்வதென்று மருத்துவமனைக்கு வந்தேன். மருத்துவமனை நடைவழியில் நின்று தொடக்கச் சொற்றொடரைச் செதுக்கினேன். பின் அதைத் திருத்தினேன். உள்ளே வந்தபோது, “மழ வந்தாச்சா?” என்று கேட்டாய். வந்துவிட்டது என்றேன். அதற்குள் செவிலி, பார்வை நேரம் முடிந்ததென்று கதவைத் திறந்து நின்றாள். மறுமுறை வர நீ இடம் வைக்கவில்லை.

பெட்டியின் அடியில் கடைசி உறை. ‘காந்தள், வைகாசி.’ எழுத்து நடுங்கியிருக்கிறது. படம் கழுவுகிறவரிடம் அதிலிருந்து படம் போட்டுத் தரச் சொன்னேன். ஈர மண்ணைக் கீறி, விரல் நீளப் பச்சை ஈட்டியாய் ஒரு முளை. அதன் அருகில் விளிம்பு சரிந்து தூர்ந்துபோன குழி. பின்னால், நான் மேடையில் அடையாளம் சொன்ன அதே பிளந்த கல்.

மண்வெட்டிக்குத் தப்பிய ஏதோ ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. நீ அதைக் கண்டிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. என்னிடமிருந்து அதைக் காத்தாயா, உடல் தேறியபின் காட்டலாம் என்று வைத்திருந்தாயா? படத்தை எத்தனை முறை பார்த்தாலும் விடை கிடைக்கவில்லை. முன்னதே உண்மையென்றால் நீ செய்தது சரி. பின்னதாக இருந்தால், அதைத் தாங்க எனக்கு வலுவில்லை.

சென்ற கிழமை அதே மன்றத்தில் பேசினேன். முடித்ததும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். “டீச்சர், முந்தி நீங்க இங்க பேசுனதா எங்க அப்பா சொன்ன அந்த மஞ்சக் காந்தள் இன்னும் இருக்கா? எங்க போனா பாக்கலாம்?” படம் என் கைப்பையில் இருந்தது. கூட்டம் காத்திருந்தது. தெரியாதம்மா என்றேன். பின்வரிசையில் ஒருவர், “டீச்சருக்கு வயசாயிட்டு கேட்டீரா, பழைய வீறு இல்ல,” என்றார். சிலர் சிரித்தனர். மேடையிலிருந்து இறங்கினேன்.

இந்த மடலிலும் அந்த வளைவை நான் எழுதவில்லை. இன்று காலை மழை இறங்கிவிட்டது. உன் கருவி உன் தங்கையிடம் இருக்கிறது. கேட்டால் தருவாள், எனக்கு அதை இயக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது குடை பிடிப்பது ஒன்றுதான். நாளை முதற்பேருந்துக்கு அந்தக் கறுப்புக் குடையைக் கதவருகே சாய்த்து வைத்திருக்கிறேன்.