மிதக்காத காந்தம்

12.3.2003, புதன்

செம்பு ஆக்ஸைடு மீகடத்தியில், அதாவது சூப்பர் கண்டக்டரில், நான் இரண்டு வருடம் செய்த ஆய்வைப் பேராசிரியர் தன் பெயரில் மட்டும் வெளியிட்டுவிட்டார். இன்று கல்லூரிக்கு வந்த விருந்தினர்களுக்குக் காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்ட, நான் செய்த மீகடத்தி வில்லையையே கேட்டார். ஆக்ஸிஜனில் சுட்ட வில்லைதான் காந்தத்தை மிதக்கவைக்கும்; நான் சுடாததைக் கொடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான்.

வில்லையைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜனை ஊற்றினார். காந்தம் எழும்பவில்லை. மறுபடியும் ஊற்றினார்.

"ஏம்மா பாத்திமா, என்னாச்சு? எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காக."

"கட்டுரையில உங்க பேரு மட்டுந்தான சார் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

விருந்தினர் ஒருவர் சிரித்துவிட்டார். சாருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

உத்தமபாளையம் பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். போடமாட்டார். போடாமலே போகட்டும், அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன்.